போர்த்தினாரி பலிபீட ஓவியம்: குழந்தை இயேசுவுக்கு முன்னால் கோதுமைக் கட்டு எதற்கு?

தேன்சிட்டு

எல்லாருக்கும் வணக்கம். ஃப்ளாரன்ஸ் நகரத்து உஃபிஸி அருங்காட்சியகத்தில் இருக்கும் போர்த்தினாரி பலிபீட ஓவியத்தை இந்த வாரம் முழுக்க இணையத்தில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஹ்யூகோ வான் டெர் ஹூஸ் என்ற ஃப்ளெமிஷ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) ஓவியர் 1475-ஐ ஒட்டி மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது. மூன்று பலகைகள். இரண்டு பக்கக் கதவுகளையும் திறந்து வைத்தால் அகலம் கிட்டத்தட்ட 6 மீட்டர், உயரம் இரண்டரை மீட்டர்.

பொருள் கிறிஸ்து பிறப்புதான். ஆனால் நாம் பார்த்துப் பழகிய குடில் காட்சி இல்லை. குழந்தை தாயின் மடியிலும் இல்லை, தீவனத் தொட்டியிலும் இல்லை. வெறும் தரையில், துணிகூட இல்லாமல் கிடக்கிறது. சுற்றிலும் யாரும் நெருங்காத வெற்றிடம். மாதா கருநீல உடையில் முழந்தாளிட்டுக் குனிந்து பார்க்கிறார், முகத்தில் சிரிப்பில்லை. வானதூதர்களும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் முன்னால், நம் பக்கமாக, ஒரு கோதுமைக் கட்டு, ஒரு பீங்கான் சாடியில் பூக்கள், ஒரு கண்ணாடிக் குவளையில் பூக்கள், தரையில் சிதறிய சிறு பூக்கள். ஓவியத்தின் முதல் வரிசை இடத்தை இவற்றுக்கு ஏன் கொடுத்தார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நிதானமாகவே சொல்லுங்கள்.

மரச்சட்டம்

நல்ல ஓவியத்தைப் பிடித்திருக்கிறீர்கள். தரையில் கிடக்கும் குழந்தையிலிருந்து தொடங்குகிறேன்.

அதற்கு முந்தைய காலத்துப் பிறப்புக் காட்சிகளில் மரியாள் பெரும்பாலும் பிள்ளை பெற்ற களைப்போடு படுக்கையில் சாய்ந்திருப்பார். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது மாறுகிறது. ஸ்வீடன் நாட்டுப் புனித பிரிஜித்தா 1372-இல் திருநாட்டுப் பயணத்தில் பெத்லகேமில் ஒரு காட்சி கண்டதாக எழுதிவைத்தார். மரியாள் முழந்தாளிட்டுச் செபித்துக்கொண்டிருக்கும்போதே, வலி இல்லாமல், கண் இமைக்கும் நேரத்தில் குழந்தை பிறந்து, தரையில் ஒளி வீசிக் கிடந்தது என்பது அந்தக் காட்சி. சில பத்தாண்டுகளுக்குள் ஐரோப்பிய ஓவியர்கள் இதையே பிறப்புக் காட்சியின் வடிவமாக எடுத்துக்கொண்டார்கள். ஹ்யூகோவின் குழந்தையைச் சுற்றித் தெரியும் மெல்லிய பொன் கதிர்கள் அங்கிருந்து வந்தவை.

இடது பக்கம் சூசையப்பர் அருகில் ஒரு பெரிய கல்தூண் நிற்கிறது. மாட்டுத் தொழுவத்தில் அப்படி ஒரு தூணுக்கு என்ன வேலை? மரியாள் பிள்ளைப்பேற்றின்போது ஒரு தூணில் சாய்ந்திருந்தார் என்று அந்தக் காலத்துத் தியான நூல்களில் உண்டு. பின்னாளில் இயேசுவைக் கட்டி வைத்துக் கசையால் அடித்த தூணையும் அது நினைவூட்டும். ஆக, பிறந்த வீட்டிலேயே பாடுகளின் தூணும் நிற்கிறது. முகங்களில் சிரிப்பு இல்லாததற்குப் பாதிக் காரணம் இது.

பின்னணியில் பெரிய கட்டடத்தின் வாசலுக்கு மேலே ஒரு யாழ் செதுக்கியிருப்பதைப் பெரிதாக்கிப் பாருங்கள். தாவீது அரசரின் இசைக்கருவி. இது தாவீதின் ஊர், தாவீதின் குலம் என்பதற்கான அடையாளம். முன்னால் தனியே கழன்று கிடக்கும் மரச் செருப்பையும் விட்டுவிடாதீர்கள். எரியும் முட்செடியின் முன் மோசேயிடம் மிதியடியைக் கழற்றச் சொன்ன விடுதலைப் பயண நூலின் வரி அதற்குள் இருக்கிறது.

கோதுமைக்கு அப்புறம் வருகிறேன், அது நீளமானது.

மெழுகுத்திரி

மரச்சட்டம் அண்ணா கோதுமைக்கு வரும் முன் வானதூதர்களின் உடைகளைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த ஓவியத்தில் மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

பொதுவாக ஓவியங்களில் வானதூதர்களுக்கு மெல்லிய வெள்ளை அங்கி போதும். இங்கே பலர் கனமான பூவேலைப்பாடு கொண்ட திருவழிபாட்டு உடைகளில் இருக்கிறார்கள். சிலருக்கு வெறும் வெள்ளை நீள் அங்கி, சிலருக்குத் திருத்தொண்டர் அணியும் உடை, சிலருக்கு மார்பில் கொக்கி மாட்டிய பெரிய போர்வை அங்கி. பழைய பாடல் பூசையில் பலிபீடத்தைச் சுற்றி நிற்கும் துணைவர்கள் அத்தனை பேரின் உடைகளும் இருக்கின்றன. ஒன்றே ஒன்றுதான் இல்லை: பூசை வைக்கும் குரு எல்லாவற்றுக்கும் மேலே அணியும் திருப்பலி மேலாடை. அதை யாரும் அணியவில்லை.

காரணம், இங்கே குரு அந்தக் குழந்தைதான். பலிப்பொருளும் அதே குழந்தைதான். துணைக்குருக்கள் எல்லாரும் வந்து முழந்தாளிட்டு விட்டார்கள், பூசை நடந்துகொண்டிருக்கிறது. வலது பக்கம் முன்னால் இருக்கும் வானதூதரின் அங்கி ஓரத்தில் "தூயவர், தூயவர், தூயவர்" என்ற சொல் இலத்தீனில் திரும்பத் திரும்பத் தைக்கப்பட்டிருக்கிறது. திருப்பலியில் அது எந்த இடத்தில் வரும் என்பது கோவிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். அதைப் பாடி முடித்த பிறகுதான், கிறிஸ்துவின் உடலாக மாறுவதாக நம்பப்படும் அப்பத்தைக் குரு கையில் எடுப்பார். ஓவியர் எந்த நொடியில் நிற்கிறார் என்பதை அந்த ஓரத் தையல் சொல்லிவிடுகிறது.

கேள்விக்குறி

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு எதிர்க்கேள்வி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஃப்ளெமிஷ் ஓவியங்களில் அன்றாடப் பொருட்களுக்குள் சமயக் கருத்து மறைந்திருக்கிறது என்ற பார்வையைக் கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கி 1950-களில் வலுவாக முன்வைத்தார். அதன்பிறகு எதைப் பார்த்தாலும் குறியீடு என்று சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. தொழுவத்தில் வைக்கோலும் கதிர்க்கட்டும் இருக்கத்தானே செய்யும்? பீங்கான் சாடி ஸ்பெயினிலிருந்து வந்த விலையுயர்ந்த சரக்கு, பணக்கார வீடுகளில் இருந்தது. பூ அழகாக இருந்ததால் வரைந்திருக்கலாம். ஹ்யூகோ இந்த ஓவியத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. ஓவியத்தில் கையெழுத்தும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி போகிறபோக்கில் குறிப்பிட்ட ஒரு வரியை வைத்துத்தான் இது அவருடையது என்றே சொல்கிறோம். அப்படியிருக்க அவர் மனதில் இருந்ததை நாம் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம்?

மாட்டுக்குப் பின்னால் இருட்டில் ஒரு பேயின் முகம் தெரிகிறது என்றுகூட ஓர் ஆய்வாளர் எழுதியிருக்கிறார். நானும் பெரிதாக்கிப் பார்த்தேன். இருட்டுதான் தெரிகிறது.

பச்சிலை

கேள்விக்குறி கேட்டது நியாயமான கேள்வி. செடிகொடி பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஓவியத்தில் செடிகளே சாட்சி சொல்கின்றன.

வலது பலகையின் பின்னணியைப் பாருங்கள். மரங்களில் இலை இல்லை. மொட்டைக் கிளைகள், வெளுத்த வானம். ஃப்ளாண்டர்ஸ் பகுதியின் குளிர்காலம் அது, கண்ணால் கண்டு வரைந்த குளிர்காலம். கிறிஸ்து பிறப்பு டிசம்பரில் கொண்டாடப்படுவதால் அது பொருத்தம்தான். இப்போது கண்ணை முன்வரிசைக்குக் கொண்டுவாருங்கள். வயலட் அந்த நாட்டில் வசந்தத் தொடக்கத்தில் பூக்கும். ஐரிஸும் கொலம்பைனும் மே, ஜூன். ஆரஞ்சு லில்லி ஜூன், ஜூலை. கோதுமை அறுப்பது கோடையின் கடைசியில். ஒரே தரையில் நான்கைந்து மாதங்களின் விளைச்சல் ஒன்றாகக் கிடக்கிறது, பின்னால் மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. இலையுதிர்ந்த கிளையை இவ்வளவு துல்லியமாகக் கவனித்த ஒருவர், பூவின் பருவம் தெரியாமல் வரைந்திருக்க வாய்ப்பே இல்லை. தொழுவத்தில் இயல்பாகக் கிடந்த பொருட்கள் அல்ல இவை, கொண்டுவந்து வைக்கப்பட்டவை.

ஒவ்வொரு பூவுக்கும் அந்தக் காலத்து மக்களிடம் பொருள் இருந்தது. வெள்ளை ஐரிஸ் தூய்மை. ஐரிஸின் இலை வாள் போல நீண்டு கூர்மையாக இருக்கும். "உமது உள்ளத்தையும் ஒரு வாள் ஊடுருவிப் பாயும்" என்று சிமியோன் மரியாளிடம் சொன்ன வாக்கோடு அதைச் சேர்த்துப் பார்த்தார்கள். செம்மஞ்சள் லில்லி சிந்தப்போகும் இரத்தம். கண்ணாடிக் குவளையில் மூன்று சிவப்புக் கார்னேஷன்கள், சிலுவையில் அறைந்த ஆணிகள் மூன்று. கொலம்பைன் பூவைத் திருப்பிப் பார்த்தால் சின்னப் புறாக்கள் வட்டமாகத் தலைசேர்த்து உட்கார்ந்தது போல இருக்கும், அதனால் அது தூய ஆவிக்கு உரியது. மரியாளின் துயரங்களுக்கும் அதைச் சொல்வார்கள். தரையோடு தரையாகப் பூக்கும் வயலட் தாழ்ச்சி.

கண்ணாடிக்குள் ஒளி ஊடுருவி, கண்ணாடி உடையாமல் அப்படியே நிற்பது கன்னிமையோடு தாயானதற்கான உவமையாக நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்தது. அந்தக் குவளையின் மேல் விழும் ஒளியையும் தண்ணீரையும் ஹ்யூகோ எவ்வளவு பொறுமையாக வரைந்திருக்கிறார் பாருங்கள்.

கணக்கன்

ஓவியத்தைப் பற்றி எனக்கு இந்த அளவுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பணம் கொடுத்தவரைப் பற்றிக் கொஞ்சம் தெரியும், அதுவும் இந்தப் பேச்சுக்கு வேண்டியதுதான்.

தொம்மாசோ போர்த்தினாரி, ஃப்ளாரன்ஸின் மெதிச்சி குடும்பத்து வங்கிக்கு ஃப்ளாண்டர்ஸின் புரூஜ் நகரத்தில் இருந்த கிளைக்குப் பொறுப்பாளர். பர்கண்டியை ஆண்ட கோமகன் வீர சார்லஸுக்கு அளவுக்கு மீறிக் கடன் கொடுத்தவர். 1477-இல் நான்சிப் போரில் சார்லஸ் இறந்ததும் அந்தக் கடன் பெரும்பாலும் மூழ்கிப்போனது, புரூஜ் கிளையும் அதோடு நொடித்தது. இந்த ஓவியத்தைச் செய்யச் சொன்னது அதற்கு முன்பு, கை நிறைய இருந்த காலத்தில். இடது பலகையில் அவரும் மகன்கள் அந்தோனியோ, பிகெல்லோவும். வலது பலகையில் மனைவி மரியா பரோன்செல்லியும் மகள் மார்கெரித்தாவும் முழந்தாளிட்டிருக்கிறார்கள்.

ஓவியம் புரூஜ் நகரத்தில் வைப்பதற்காகச் செய்யப்பட்டது அல்ல. ஃப்ளாரன்ஸில் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனை இருக்கிறதே, அதை 1288-இல் நிறுவியவர் இவருடைய முன்னோரான ஃபோல்கோ போர்த்தினாரி. அந்த மருத்துவமனையின் சாந்த் எஜிதியோ கோவிலில் தலைமைப் பலிபீடத்துக்காகச் செய்த ஓவியம் இது. கடல்வழியாக இத்தாலி வந்து, பீசாவிலிருந்து ஆர்னோ ஆற்றில் ஏற்றி, 1483 மே 28 அன்று ஃப்ளாரன்ஸ் சேர்ந்தது. நகரவாசலிலிருந்து கோவில்வரை 16 சுமையாட்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். ஹ்யூகோ அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

அந்தக் கடல்வழி சும்மா இல்லை. 1473-இல் போர்த்தினாரியின் கப்பலில் இத்தாலிக்குப் போன, மெம்லிங் என்ற இன்னொரு ஓவியரின் இறுதித் தீர்ப்பு ஓவியத்தை டான்சிக் நகரத்துப் பவுல் பெனெக் கடலில் கைப்பற்றினார். அது இன்றும் அதே ஊரில், இன்றைய கிடான்ஸ்கில்தான் இருக்கிறது.

மரச்சட்டம்

கணக்கன் சார், நான் சொல்லவிருந்ததற்கு வழி போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். கேள்விக்குறிக்கு என் பதில் அந்த மருத்துவமனையில்தான் இருக்கிறது.

இது பலிபீடத்துக்கு மேலே நின்ற ஓவியம். நாம் இன்று உஃபிஸியின் சுவரில் பார்ப்பது பாதி ஓவியம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மீதிப் பாதி அதன் கீழே நின்ற மேசையும், அதில் ஒவ்வொரு நாளும் நடந்த திருப்பலியும். மேசையின் முன் நிற்கும் குருவுக்கு நேர் எதிரே, கண் மட்டத்தில், ஓவியத்தின் எந்தப் பகுதி வரும்? கோதுமைக் கட்டும் சாடியும் குவளையும்தான். அவர் அப்பத்தை இரு கைகளாலும் தலைக்கு மேலே உயர்த்துகிறார். பின்னால் இருக்கும் மக்களின் கண்ணுக்கு அந்த வெள்ளை அப்பம் முதலில் கோதுமைக் கட்டின்மேல் எழுந்து, பிறகு தரையில் கிடக்கும் குழந்தையை நோக்கிப் போகிறது. பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு என்று ஆதிகாலத்துத் திருச்சபைத் தந்தையர் எழுதியிருக்கிறார்கள். "விண்ணகத்திலிருந்து இறங்கி வந்த வாழ்வுதரும் உணவு நானே" என்ற யோவான் நற்செய்தி வரி அங்கே மேசையின்மேல் நடக்கிறது. குழந்தையும் கதிர்க்கட்டும் ஒரே தரையில், ஒன்றுக்கொன்று இணையாகக் கிடப்பதைக் கவனியுங்கள். பீங்கான் சாடியின் மேற்புறத்தில் திராட்சை இலைக் கோலம். கோதுமை அப்பத்துக்கு, திராட்சை இரசத்துக்கு.

அந்தச் சாடியைப் பற்றி இன்னும் ஒன்று. ஸ்பானியச் சரக்கு, பணக்கார வீட்டுப் பொருள் என்று கேள்விக்குறி சொன்னது சரி. ஆனால் அதே வடிவச் சாடியை மருந்துக் கடைகளிலும் மருத்துவமனைகளிலும் களிம்பும் மூலிகையும் போட்டு வைக்கப் பயன்படுத்தினார்கள். சாந்தா மரியா நுவோவாவில் படுத்திருந்த நோயாளிக்கு அது தினமும் கண்ணில் படும் பாத்திரம். தன் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த மருந்துச் சாடியைக் கடவுளின் குழந்தைக்கு முன்னால் பார்க்கும்போது அவருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் "மறைந்திருக்கும் குறியீடு" என்ற பேச்சே எனக்கு ஒப்புதலில்லை. அந்த இடத்தில் நின்றவர்களுக்கு எதுவும் மறைந்திருக்கவில்லை. ஓவியரின் மனதைத் தேட வேண்டாம். அது எங்கே நின்றது, அதன் முன் என்ன நடந்தது என்பதைத் தேடினால் போதும். 1900-இல் அருங்காட்சியகத்துக்குப் போன பிறகுதான் நமக்கு எல்லாம் புதிராகத் தெரிகிறது.

மெழுகுத்திரி

மருத்துவமனை என்றதும் வலது பலகைக்கு வருகிறேன். மரியா பரோன்செல்லிக்குப் பின்னால் நிற்பது நறுமணத் தைலக் குப்பியோடு மகதலேனா மரியாளும், கையில் நூலும் காலடியில் பறவைநாகமுமாகப் புனித மார்கரீத்தம்மாளும். மார்கரீத்தம்மாளை நாகம் விழுங்கியது, அவர் அதன் வயிற்றைப் பிளந்துகொண்டு முழுதாக வெளியே வந்தார் என்பது கதை. அதனால் ஐரோப்பா முழுக்கப் பிரசவ வலியில் இருக்கும் பெண்கள் அவரிடம் வேண்டிக்கொண்டார்கள். மகள் பெயர் மார்கெரித்தா என்பதால் நிற்கும் பாதுகாவலிதான், ஆனால் பதினைந்து வயதை ஒட்டி மணமாகி, அடுத்தடுத்துப் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்குப் பின்னால் அவர் நிற்பதற்குப் பெயர் மட்டும் காரணமாக இருக்க முடியாது. வலியில்லாமல் பிள்ளை பெற்ற மரியாளை நோக்கி, வலியோடு பெற்றவள் கைகூப்பியிருக்கிறாள்.

இடது பலகையில் மணியோடு நிற்பவர் வனத்து அந்தோணியார். கையில் குழந்தை இயேசுவோடு நாம் பார்க்கும் பதுவை நகர் அந்தோணியார் இல்லை. அவருக்குப் பக்கத்தில் கையில் ஈட்டியோடு தோமையார். தோமையாருக்கு ஈட்டி எங்கிருந்து வந்தது? இந்தியாவில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார் என்ற பழைய மரபிலிருந்து. அந்த இடம் மயிலாப்பூர்ப் பக்கம் என்பது நம் ஊர் நம்பிக்கை. போர்த்துகீசியர் நம் கரைக்கு வருவதற்கு முன்பே, கடல் கடந்த ஒரு மரப்பலகையில் அந்த ஈட்டி வரையப்பட்டிருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

தேன்சிட்டு

எல்லாருக்கும் மிக்க நன்றி. இன்னொன்று கேட்க வேண்டும். ஹ்யூகோ கடைசிக் காலத்தில் மனநோயால் துன்பப்பட்டார் என்று படித்தேன். இந்த ஓவியத்தின் கனத்த அமைதிக்கு அதுதான் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். சரியா?

மரச்சட்டம்

அந்த வாதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை, தேன்சிட்டு. கென்ட் நகரத்து ஓவியர் சங்கத்தில் 1467-இல் தேர்ச்சி பெற்ற முதலாளி ஓவியராகச் சேர்ந்தவர், அந்தப் பெயரையும் வருமானத்தையும் விட்டுவிட்டு பிரஸ்ஸல்ஸ் அருகே செம்மடம் என்ற துறவு மடத்தில் துறவுச் சகோதரராகச் சேர்ந்தது உண்மை. 1480-ஐ ஒட்டி கொலோன் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், தான் நரகத்துக்கே உரியவன் என்று புலம்பத் தொடங்கினார் என்பதையும், மடத் தலைவர் சவுலுக்குத் தாவீது யாழ் மீட்டியது போல இசை வாசிக்கச் சொல்லிப் பார்த்தார் என்பதையும் உடனிருந்த துறவி காஸ்பர் ஓஃபுயிஸ் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அது இந்த ஓவியத்துக்குப் பிறகு நடந்தது. நோயைப் பின்னோக்கித் தள்ளி ஓவியத்துக்குள் வைப்பது அவருக்கு நாம் செய்யும் அநீதி. இங்கே தெரியும் கனத்துக்குக் காரணம் பலி என்ற எண்ணம். பிறந்த குழந்தையைப் பலிபீடத்தின்மேல் கிடத்தியது போல வரைந்திருக்கிறார். அதற்குத் தெளிந்த அறிவு வேண்டும்.

கேள்விக்குறி

பூக்களின் பருவம், ஓவியம் நின்ற இடம், இந்த இரண்டும் எனக்குப் போதுமான ஆதாரங்கள். ஓவியரின் மனதைத் தொடாமலே நிற்கும் வாதம் என்பதால் ஏற்கிறேன். இருட்டில் தெரியும் பேயை மட்டும் இன்னும் ஏற்கவில்லை. அதற்கு ஓவியத்துக்கு வெளியே பிடிமானம் எதுவும் இல்லை.

எனக்கு மனதில் நிற்பது இடையர்கள்தான். வலது பக்கத்திலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்த மூன்று பேர். ஒருவர் கைகூப்பிவிட்டார், ஒருவர் கையை விரித்தபடி வியந்து நிற்கிறார், பின்னால் இருப்பவர் இன்னும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிறார். வெயிலில் கறுத்த தோல், பல் தெரியும் வாய். பணம் கொடுத்த வங்கிக்காரரை ஓரப் பலகையில் சிறியதாக வைத்துவிட்டு, இவர்களை நடுப்பலகையில் மாதாவுக்குச் சமமான அளவில் வைத்திருக்கிறார். குறியீட்டு அகராதி எதுவும் இல்லாமலே எனக்கு விளங்கும் பகுதி இது.

கணக்கன்

அந்த இடையர்கள் ஃப்ளாரன்ஸ் ஓவியர்களையும் உலுக்கிவிட்டார்கள். 1485-இல் கிர்லாந்தையோ என்ற ஃப்ளாரன்ஸ் ஓவியர் சாந்தா திரினித்தா கோவிலில் சசெத்தி சிற்றாலயத்துக்கு வரைந்த இடையர் வணக்கத்தில் அவர்களை அப்படியே எடுத்திருக்கிறார். செய்யச் சொன்ன பிரான்செஸ்கோ சசெத்தி யார் தெரியுமா? மெதிச்சி வங்கியின் தலைமை மேலாளர், போர்த்தினாரிக்கு மேலதிகாரி. ஆனால் கிர்லாந்தையோ தீவனத் தொட்டிக்குப் பதில் ரோமானியக் கல்சவப்பெட்டியை வைத்தார். வடக்கே கோதுமையும் பூவும் சொன்னதைத் தெற்கே பழைய ரோமின் கல் சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தேன்சிட்டு

பார்க்கிறேன் சார். கதவுகளை மூடினால் வெளிப்பக்கம் என்ன இருக்கும்?

மரச்சட்டம்

கபிரியேல் தூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லும் காட்சி. நிறமே கிடையாது, கற்சிலை போலத் தோன்றும்படி சாம்பல் வண்ணத்தில் மட்டும் வரைந்தது. கதவைத் திறந்தால்தான் அந்த வார்த்தை மனுவுருவாகி, நிறத்தோடும் உடம்போடும் தரையில் கிடப்பது தெரியும். இணையப் படங்களில் பெரும்பாலும் உள்பக்கம் மட்டுமே வருகிறது, வெளிப்பக்கத்தைத் தனியாகத் தேடுங்கள். அதைப் பார்த்துவிட்டு வலது பலகையின் பின்னணியில் மூன்று அரசர்களின் ஆள் ஒருவன் குதிரையிலிருந்து இறங்கி ஊர்க்காரர் ஒருவரிடம் வழி கேட்கும் இடத்தையும் பாருங்கள். பச்சிலை சொன்ன மொட்டை மரங்கள் அங்கேதான் இருக்கின்றன.